நரம்பில்லாத் தட்டில் அக்ரினின் வேலையைக் காண்பது எப்படி?

நரம்பு முனை தசையைத் தொடும் இடத்தில் அசிட்டைல்கோலின் ஏற்பிகள் (நரம்பு அனுப்பும் அசிட்டைல்கோலின் என்ற வேதிச் செய்தியைப் பெறும் புரதங்கள்) நெருக்கமாகக் குவிந்திருப்பதற்கு, நரம்பு சுரக்கும் அக்ரின் என்ற புரதமே முதன்மைக் காரணம். அது தசைச் சவ்வில் உள்ள எல்ஆர்பி4 ஏற்பியைப் பற்றியதும் மஸ்க் என்ற நொதி செயல்படத் தொடங்கும். அந்தச் சமிக்ஞையின் முடிவில் ராப்சின் என்ற புரதம் ஏற்பிகளை ஓரிடத்தில் சேர்த்துப் பிணைக்கும். இதை வளர்ப்புத் தட்டிலேயே காண, எலியின் சி2சி12 தசைச் செல்கள் போதும்.

செல்கள் தட்டை ஏறக்குறைய நிரப்பியதும், வளர்ப்பு ஊடகத்தை (செல்கள் வளரும் ஊட்டத் திரவத்தை) நீக்கி 2 விழுக்காடு குதிரைச் சீரம் கலந்த ஊடகத்துக்கு மாற்றுங்கள். நான்கைந்து நாட்களில் அவை ஒன்றோடொன்று இணைந்து, பல உட்கருக்கள் கொண்ட நீண்ட குழல்களாகும். இக்குழல்கள் எளிதில் பெயர்ந்துவிடும் என்பதால், ஊடகத்தைத் தட்டின் சுவரோரமாகவே வழியவிட வேண்டும்.

அடுத்து அக்ரின். தசையும் ஒரு வகை அக்ரினைச் செய்கிறது. ஆனால் 'இசட்' எனப்படும் குறுகிய அமினோ அமிலச் செருகல் அதில் இல்லாததால், ஏற்பிகளைக் குவிக்கும் திறன் மிகக் குறைவு. ஆகவே நரம்பு வகையை ஒரு தட்டிலும், செருகல் இல்லாத வகையை ஒப்பீட்டுக்காக இன்னொரு தட்டிலும், எதுவும் சேர்க்காத ஊடகத்தை மூன்றாவதிலும் இட்டு, ஓரிரவு 37 டிகிரியில் வையுங்கள்.

சாயமேற்ற, ஒளிரும் மூலக்கூறு பூட்டிய ஆல்ஃபா பங்காரோடாக்சின் வேண்டும். நம் ஊர்க் கட்டுவிரியனின் உறவான, தைவானிலும் தென் சீனாவிலும் வாழும் பாம்பின் நஞ்சு இது. ஏற்பியைப் பற்றினால் எளிதில் விடாது, எனவே கையுறை கட்டாயம். செல்கள் உயிரோடிருக்கும்போதே சாயமேற்றி, கழுவி, பிறகு 4 விழுக்காடு பாராஃபார்மால்டிஹைடில் இருந்த நிலையிலேயே பதப்படுத்தி நிலைநிறுத்தினால், மேற்பரப்பு ஏற்பிகள் மட்டும் தெளிவாகத் தெரியும்.

எண்ணுவதில்தான் பெரும்பாலோர் தவறுகிறார்கள். அக்ரின் இல்லாமலும் சில குவியல்கள் தாமாகத் தோன்றும் என்பதால், 5 மைக்ரோமீட்டருக்கு மேல் நீண்டதையே குவியலாகக் கொள்வது போன்ற ஒரு வரம்பை முன்பே எழுதி வையுங்கள். பார்க்கும் இடத்தைச் சாதாரண ஒளியில், குழலைக் கண்டு தேர்ந்தெடுங்கள். ஒளிர்வைப் பார்த்துத் தேர்ந்தால் கண் பிரகாசமான இடத்துக்கே ஓடும். எந்தத் தட்டு எது என்பதை வேறொருவர் மறைத்து வைப்பது நல்லது.

மூன்று தட்டுகளிலும் ஒரே எண்ணிக்கை வந்தால், அக்ரினைக் குறை சொல்லுமுன் குழல்களைப் பாருங்கள். இணையாத செல்களில் மஸ்க் போதிய அளவில் இராது.