செயின் பிரேக்கரின் ஊசி வளைந்த கதை

பைக் செயினின் லிங்க்கைக் கழற்ற, மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்கிய செயின் பிரேக்கர் முதல் லிங்க்கிலேயே பல்லைக் காட்டிவிட்டது. ஸ்பானரால் இறுக்கிக்கொண்டே போனேன், 'டக்' என்று ஒரு சத்தம், கழற்றிப் பார்த்தால் அழுத்தும் ஊசி வில்லாக வளைந்து கிடக்கிறது. டூல் மட்டமான இரும்புதான், ஆனால் என் அவசரமும் சேர்ந்துகொண்டது. 525 அளவு செயினில் லிங்க்கைக் கோக்கும் பின்னின் (pin) தலை ரிவெட் அடித்து, அதாவது நசுக்கி, விரிந்திருக்கும், அதைத் தேய்க்காமல் தள்ளினால் நல்ல டூலே திணறும். சரி என்று கிரைண்டரில் அந்தத் தலையை ப்ளேட்டோடு சமமாகும்வரை தேய்த்து, பெட்டியில் இருந்த உபரி ஊசியை நேராகப் பொருத்தி, போல்ட் மரையில் கொஞ்சம் கிரீஸ் தடவி, கால் கால் சுற்றாக இறுக்கினேன். அந்த பின் (pin) வழுக்கிக்கொண்டு வந்தது. புது லிங்க்கை ரிவெட் அடிக்க மட்டும் இந்த டூலை நம்பவில்லை. நண்பரிடம் நல்ல டூல் இரவல் வாங்கி அடித்து, விரிந்த தலையை வெர்னியர் அளவுகோலால் அளந்த பிறகுதான் வண்டியை எடுத்தேன்.