ஆழ்துளைக் கிணற்று நீரில் ஆர்செனிக் உண்டா என்று அறியும் முறை

பாலக்காடு மாவட்டம் சித்தூர் வட்டத்தில், கொழிஞ்சாம்பாறை, வடகரப்பதி பக்கத்துப் போர் தண்ணீரில் புளோரைடு மிகுந்திருப்பது பல்லாண்டுகளாகத் தெரிந்த செய்தி என்பதால், தண்ணீரைச் சோதனைக்குக் கொடுக்கும் பழக்கம் நமக்குப் புதிதன்று. கங்கைச் சமவெளியைப் போல நம் பகுதி ஆர்செனிக்குக்குப் பெயர்போனதும் அன்று. ஆயினும் புளோரைடுக்குக் கொடுக்கும்போதே ஆர்செனிக்கையும் பார்த்துவிடுவது நல்லது. நிறம், மணம், சுவை எதுவும் காட்டிக்கொடுக்காத நஞ்சு அது. மேற்கு வங்கத்தில் கிருமியற்றது என்று நம்பியே மக்கள் குழாய்க் கிணற்று நீரைக் குடித்தார்கள். 1980-களில் தோல் நோயாளிகள் மருத்துவமனைக்கு வந்த பிறகே உண்மை வெளிப்பட்டது.

மாதிரி எடுப்பதில்தான் தவறு நிகழ்கிறது. மேல்நிலைத் தொட்டியிலிருந்தோ ஃபில்டரிலிருந்தோ பிடிக்காமல், மோட்டாரைப் பத்து நிமிடம் ஓடவிட்டு, கிணற்றுக் குழாயிலேயே நேராகப் பிடிக்க வேண்டும். புதிய பிளாஸ்டிக் குப்பியை அதே நீரால் மூன்று முறை அலசுங்கள். ஆனால் ஆய்வகத்தார் உள்ளே சில துளி அமிலம் இட்டுக் கொடுத்திருந்தால் அலசவே கூடாது. பிடித்து வைத்த சிறிது நேரத்தில் செம்மண் கரைத்தாற்போல் மாறும் நீரைப் பார்த்திருப்பீர்கள். அது இரும்பு, அந்தத் துருவோடு ஆர்செனிக்கும் ஒட்டிக்கொண்டு அடியில் படிந்துவிடும். அதைத் தடுக்கவே அமிலம். வழக்கமான சோதனைப் பட்டியலில் ஆர்செனிக் இல்லாமல் இருக்கலாம், ஆதலால் பெயர் சொல்லிக் கேளுங்கள்.

அறிக்கையில் ஒரு லிட்டருக்கு 0.01 மில்லிகிராம், அதாவது 10 மைக்ரோகிராம், என்பதே உலக சுகாதார நிறுவனம் காட்டும் உச்ச அளவு. ‘பி.டி.எல்.’ (கருவியால் கண்டறியக்கூடிய அளவுக்கும் கீழே) என்று எழுதியிருந்தால், அந்தக் கருவி கண்டறியக்கூடிய மிகக் குறைந்த அளவு என்ன என்றும் கேளுங்கள், அது 0.05 என்றால் அந்த அறிக்கையால் பயனில்லை.

அளவு மீறியிருந்தால் குடிக்கவும் சமைக்கவும் அந்நீரை அன்றே நிறுத்த வேண்டும்; குளிக்க, துணி துவைக்கப் பெரும்பாலும் பயன்படுத்தலாம். காய்ச்சினால் சரியாகிவிடும் என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள், ஆனால் காய்ச்சக் காய்ச்ச நீர்தான் வற்றுமே தவிர ஆர்செனிக் குறையாது. குளோரினும் பயன்படாது. மழைநீரைச் சேமித்துக் குடிக்கலாம். அல்லது இரும்பு ஆக்சைடு வகை வடிகட்டியோ ஆர்.ஓ.வோ பொருத்தலாம். பொருத்திய பின் வடித்த நீரையும் சோதிக்காமல் நம்ப வேண்டாம். நல்ல நீரை நிறைய வைத்துச் சோறு பொங்கிக் கஞ்சியை வடித்துவிடும் நம் வழக்கம் அரிசியிலுள்ள ஆர்செனிக்கையும் ஓரளவு குறைக்கும்.

பல ஆண்டுகள் அந்நீரைக் குடித்தவர்களின் உள்ளங்கையையும் பாதத்தையும் பகல் வெளிச்சத்தில் பாருங்கள். தடவினால் அரிசிக் குருணை போல நெருடும் தடிப்புகளோ, மார்பிலும் முதுகிலும் மழைத்துளி தெறித்தாற்போன்ற புள்ளிகளோ தென்பட்டால் தோல் மருத்துவரிடம் கிணற்று அறிக்கையோடு செல்லுங்கள். தோல், நுரையீரல், சிறுநீர்ப்பைப் புற்றுநோய்க்கும் இந்நஞ்சு காரணமாகிறது. சிறுநீர்ச் சோதனை எழுதிக் கொடுத்தால், அதற்கு முந்தைய சில நாட்கள் கடல் மீனைத் தவிர்த்துவிடுங்கள். மீனிலுள்ள தீங்கற்ற ஆர்செனிக் கணக்கைக் குழப்பிவிடும்.