கொமட் அடியில் ஒழுக்கு: வளையம் மாற்றும்போது விடக்கூடாத பிழைகள்

கொமட்டின் அடியில் ஈரம் கசியத் தொடங்கினால் வன்னியில் பெரும்பாலும் நடப்பது இதுதான்: மேசனைக் கூப்பிட்டு, அடியைச் சுற்றி வெள்ளைச் சீமெந்து பூசிவிடுவது. கொஞ்ச நாள் தரை காய்ந்திருக்கும். பிறகு மணம் வரும், ரைல்ஸ் இடுக்கு கறுக்கும். ஒழுக்கு நிற்கவில்லை, வெளியே வரும் வழி மட்டும் அடைபட்டிருக்கிறது. கழிவுநீர் தரைக்குக் கீழே மண்ணுக்குள் இறங்கிக்கொண்டே இருக்கும். ஒரே வளவுக்குள் குடிதண்ணீர்க் கிணறும் இருக்கிற வீட்டில் இதை அப்படியே விட ஏலாது.

கழற்றுவதற்கு முன், கொமட்டின் கழிவு வாய் தரைக் குழாயோடு சேரும் இடத்தை அடைக்கும் வளையம்தான் ஒழுகுகிறதா என்று பார்க்க வேண்டும். தரையை நன்றாகத் துடைத்துக் காயவிட்டு, துணிக்குப் போடும் நீலத்தைக் கொமட் தண்ணீரில் கலந்து மூன்று நான்கு தடவை தண்ணீர் அடியுங்கள். அடியில் நீலம் கசிந்தால் பிழை வளையத்தில், அல்லது பீங்கான் வெடித்திருக்கிறது. தெளிந்த தண்ணீர் வந்தால் தொட்டி, அதற்குத் தண்ணீர் வரும் குழாய், கைக்குழாய் இவற்றின் பொருத்துகளைப் பாருங்கள். பத்து நிமிட வேலையைப் பார்க்காமல் முழுக் கொமட்டையும் பெயர்த்தவர்கள் நிறையப் பேர்.

மாரியில் இன்னொரு பிழை நடக்கும். இரணைமடுக் குளத்தில் வான்கதவு திறக்கிற நாட்களில் வயல் ஓரத்து வீடுகளிலும், முல்லைத்தீவுக் கரையோர மணல் நிலத்திலும் நிலத்தடி நீர் மேலேறி மலக்குழியை நிரப்பிவிடும். தண்ணீர் இறங்காமல் கொமட்டில் மெல்ல உயர்ந்து, குமிழி விட்டு, அடியாலும் தள்ளும். அப்போது எத்தனை வளையம் மாற்றினாலும் பயனில்லை. குழியின் மட்டத்தை முதலில் பாருங்கள். நிரம்பியிருந்தால் கழிவு இழுக்கும் பவுசர் பிடித்து இழுப்பிக்க வேண்டும். அவசரமில்லாத வளைய வேலையைக் கோடைக்கு வைத்துக்கொள்வதே நல்லது.

வாங்கும்போது ‘நாலு அங்குல வளையம்’ என்று மட்டும் கேட்காதீர்கள். நாலு அங்குலம் என்று நாம் சொல்லும் பி.வி.சி குழாயின் வெளிவிட்டம் 110 மில்லிமீற்றர். கொமட்டின் வாய் அதைவிடச் சிறியது, கொமட்டுக்குக் கொமட் வேறுபடும். இரண்டையும் அளந்து எழுதிக்கொண்டு போங்கள். மெழுகு வளையம் கிடைத்தாலும் எங்கள் வீடுகளுக்கு றப்பர் வளையம்தான் சரி. மெழுகு வளையம் தரையில் இறுக்கிய தட்டில் உட்கார வேண்டியது. வெறும் குழாய் வாயில் அதற்குப் பிடிமானம் இல்லை. தகரக் கூரைக்குக் கீழே வெயிலில் இளகவும் செய்யும். ஒருதரம் நசுங்கிய மெழுகு வளையத்தைத் திரும்பப் போடவே கூடாது.

சீமெந்தில் பதித்த கொமட்டைச் சுத்தியலால் அடித்துப் பெயர்க்காதீர்கள். ஹாக்சோ பிளேட்டாலும் மெல்லிய உளியாலும் சுற்றிவர அறுத்துவிட்டு, இரண்டு பேராக நேரே மேலே தூக்குங்கள். குழாய் வாயில் துணிப்பந்து வைக்கும்போது அதில் கயிறு கட்டி மறுமுனையை வெளியே விடுங்கள். இல்லாவிட்டால் பந்து குழாய்க்குள் விழுந்து அடுத்த அடைப்பு அதுவாகிவிடும். குழியிலிருந்து வரும் வாயு தீப்பிடிக்கும், ஆகவே பக்கத்தில் பீடியும் வேண்டாம், விளக்கும் வேண்டாம். கறை நீக்கும் அமிலத்தையும் பிளீச்சிங் பவுடரையும் ஒன்றாக ஊற்றினால் குளோரின் வாயு கிளம்பும். மூடிய சின்ன அறையில் அது உயிருக்கு ஆபத்து.

ஆகக் கூடுதலாக நடக்கும் பிழை குழாயின் உயரத்தில்தான். முதலில் வெறும் சீமெந்துத் தரைக்குக் குழாயை வெட்டி விடுவார்கள். சில வருடம் கழித்து மேலே ரைல்ஸ் பதிக்கும்போது தரை ஓர் அங்குலம்வரை உயர, குழாய் வாய் பள்ளத்துக்குள் போய்விடும். வளையம் அரைகுறையாகப் பிடிக்கும், சில மாதங்களில் ஒழுகும். வளையத்துக்குப் பக்கத்தில் சீமெந்து திணிப்பது இதற்குப் பரிகாரம் இல்லை. இணைப்புத் துண்டு வைத்து, பி.வி.சி கம் பூசி, குழாய் வாயை ரைல்ஸ் மட்டத்துக்கு உயர்த்துங்கள். வெட்டிய விளிம்பில் பிசிறு இருந்தால் அரத்தால் தேய்த்துவிடுங்கள். அது றப்பரைக் கிழிக்கும்.

றப்பர் இலகுவாக இறங்க கிறீசோ பழைய எஞ்சின் ஒயிலோ பூசுவார்கள். எண்ணெய் பட்ட றப்பர் ஊதி, இளகி, பிடிப்பை விட்டுவிடும். சவர்க்காரத் தண்ணீர் போதும்.

இறக்கிய பிறகு கொமட் ஆடினால் மரத்துண்டு செருகாதீர்கள். ஈரத்தில் உக்கும், இல்லாவிட்டால் கறையான் தின்னும். பிளாஸ்டிக் துண்டு வையுங்கள். ஆடுகிற கொமட் எந்த வளையத்தையும் தின்றுவிடும். ஸ்குரூக்களைத் துருப்பிடிக்காத வகையில் வாங்கி, பிளாஸ்டிக் வோஷர் போட்டு, இரு பக்கமும் மாறி மாறிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். ஆட்டம் நின்றதும் கையை எடுங்கள். இன்னும் அரைச் சுற்று இறுக்கப் போய்ப் பீங்கான் வெடித்தால் புதுக் கொமட்தான்.

சிலிக்கன் பூசுவதற்கு முன் ஐந்தாறு வாளி தண்ணீரை வேகமாக ஊற்றி, அரை மணித்தியாலம் விட்டு, அடியில் பத்திரிகைத் தாளைச் செருகிப் பாருங்கள். தாள் காய்ந்திருந்தால் சிலிக்கன் போடலாம். பின்பக்கம் இரண்டு அங்குலம் பூசாமல் விடுங்கள். பிறகு எப்போதாவது ஒழுகினால் அந்த இடைவெளியால்தான் உங்களுக்குத் தெரியவரும். சிலிக்கன் இறுக 24 மணித்தியாலம் ஆகும், அதுவரை அடியில் தண்ணீர் படவிடாதீர்கள்.