அமெரிக்க அரசியல்வாதிகளின் பெயர்களை வைத்து ஒரு ஊக விளையாட்டு: நீங்களே தயாரிப்பது எப்படி?

ஆறேழு பேர் கூடினால் போதும். சில கார்டுகள், ஒரு பேனா, கேள்வி கேட்க ஒருவர், அவ்வளவுதான் தேவை. "இவர் எந்த ஆண்டு அதிபரானார்?" மாதிரிக் கேள்விகளைத் தொடவே வேண்டாம். தெரிந்தவர் உடனே சொல்லிவிடுவார், மற்றவர்கள் கொட்டாவி விடுவார்கள். பெயருக்குப் பின்னால் இருக்கும் கதையைக் கேட்டால், பாதி தெரிந்தவரும் யோசித்து விடைக்குப் பக்கத்தில் வந்துவிடுவார்.

படி 1: ஆட்களைத் தேர்ந்தெடுங்கள்

பிறந்தபோது ஒரு பெயர், புகழ்பெற்றது வேறு பெயரில் என்று இருப்பவர்களைத் தேடுங்கள். 1913-இல் ஒமாஹாவில் பிறந்த லெஸ்லி லிஞ்ச் கிங் ஜூனியர்தான் பின்னாளில் அதிபர் ஜெரால்டு ஃபோர்டு. தாயின் மறுமணத்துக்குப் பிறகு வளர்ப்புத் தந்தையின் பெயரே இவருக்கும் வந்துவிட்டது. பில் கிளின்டன் பிறப்பால் பிளைத். அவர் பிறப்பதற்கு முன்பே தந்தை கார் விபத்தில் இறந்துவிட்டார்.

எனக்குப் பிடித்த கார்டு கிராண்ட். இயற்பெயர் ஹைரம் யுலிஸிஸ் கிராண்ட். 1839-இல் வெஸ்ட் பாயின்ட் ராணுவக் கல்லூரிக்கு இவரைப் பரிந்துரைத்த காங்கிரஸ் உறுப்பினர் யுலிஸிஸ் எஸ். கிராண்ட் என்று தவறாக எழுதிக் கொடுத்தார். அதுவே நிலைத்து, அந்தப் பெயரிலேயே அதிபராகவும் ஆகிவிட்டார்!

படி 2: ஒவ்வொரு கார்டிலும் மூன்று குறிப்புகள்

கடினமானதில் தொடங்கி எளியதில் முடியுங்கள். முதல் குறிப்பிலேயே சொன்னால் 5 பாயின்ட், இரண்டாவதில் 3, மூன்றாவதில் 1. ஒரு மாதிரி:

5: சிறு வயதில், டிவி தொடரில் வந்த ஒரு பையனின் பெயரைத் தனக்குத் தானே வைத்துக்கொண்டவர்.
3: பெற்றோர் பஞ்சாபிலிருந்து போனவர்கள். வீட்டில் வைத்த பெயர் பியூஷ்.
1: 2008 முதல் 2016 வரை லூசியானா ஆளுநர்.

விடை: பாபி ஜிண்டால். முதல் குறிப்பு ஆர்வத்தைக் கிளப்ப வேண்டும், மூன்றாவது பேப்பர் படிக்கிற யாருக்கும் பிடிபட வேண்டும். நடுக் குறிப்பை எழுதுவதுதான் கொஞ்சம் சிரமம், அதற்கு நேரம் கொடுங்கள்.

கமலா தேவி ஹாரிஸ் நம் ஆட்களுக்கு ரொம்பச் சுலபம். மன்னார்குடிப் பக்கத்துத் துளசேந்திரபுரம் என்று வாயெடுத்தாலே சொல்லிவிடுவார்கள். ஆரம்பத்தில் சூடு பிடிக்க அந்தக் கார்டு உதவும்.

படி 3: விடை ஒன்றுதானா என்று பாருங்கள்

சண்டை வருவது இங்கேதான். "அதிபர் சுட்டுக் கொல்லப்பட்டதால் பதவிக்கு வந்த துணை அதிபர் ஜான்சன்" என்று எழுதினால் இரண்டு பேர் நிற்பார்கள்: 1865-இல் லிங்கனுக்குப் பின் ஆண்ட்ரூ, 1963-இல் கென்னடிக்குப் பின் லிண்டன். ரூஸ்வெல்ட், புஷ், ஆடம்ஸ், ஹாரிசன் என எல்லாமே இரட்டைதான். அதனால் முழுப் பெயர் சொன்னால்தான் பாயின்ட் என்று முதலிலேயே பேசிவிடுங்கள்.

படி 4: ஆடுங்கள்

இரண்டு டீம். ஒரு குறிப்புக்கு ஒரு டீம் ஒரே ஒரு தடவைதான் ஊகிக்கலாம். தப்பாகச் சொன்னால் அடுத்த குறிப்பு வரை வாயைத் திறக்கக் கூடாது. நடுவில் ஒரு பொறிக் கேள்வியும் போடலாம்: ஹாரி எஸ். ட்ரூமனின் 'எஸ்' எதைக் குறிக்கிறது? எதையும் இல்லை. இரண்டு தாத்தாக்களின் பெயரிலும் 'எஸ்' இருந்தது, இருவரையும் திருப்திப்படுத்த வெறும் எழுத்தோடு நிறுத்திக்கொண்டார்கள்.

கடைசியில் சமநிலை வந்தால் லிண்டன் ஜான்சன் குடும்பத்தை எடுங்கள். லிண்டன் பெய்ன்ஸ், மனைவி லேடி பேர்டு, மகள்கள் லிண்டா பேர்டு, லூசி பெய்ன்ஸ் என எல்லோருக்கும் எல்.பி.ஜே. என்ற அதே முதலெழுத்துகள். லிட்டில் பீகிள் என்ற நாய்க்கும்கூட. இதில் லேடி பேர்டு சின்ன வயதிலேயே ஒட்டிக்கொண்ட செல்லப் பெயர். அவருடைய இயற்பெயர் என்ன என்று கேளுங்கள். கிளாடியா என்று முதலில் சொல்லும் டீமுக்கு ஆட்டம்.