குடலைத் திரும்ப இணைத்த பின்: எதைக் கவனிப்பது, எப்படிச் சரிசெய்வார்கள்

மலம் சேர வயிற்றில் ஒட்டியிருந்த பையை எடுத்துக் குடலை இணைத்தாயிற்று என்று வீட்டில் நிம்மதி வரும். முதல் பத்து நாளுக்கு அந்த நிம்மதி வேண்டாம்.

பயப்பட வேண்டியது இணைப்புக் கசிவு, அதாவது தைத்த இடம் விட்டுக் குடலில் இருப்பது வயிற்றுக்குள் ஒழுகுவது. பெரும்பாலும் 5 முதல் 7ஆம் நாளுக்குள் தலைகாட்டும். அதற்குள் பலர் வீடு திரும்பியிருப்பார்கள். காய்ச்சலுக்கு முன்பே நாடி வேகமெடுப்பதுண்டு. காலையும் மாலையும் ஓய்வாக உட்காரவைத்து ஒரு முழு நிமிடம் எண்ணுங்கள். 100க்குக் கீழே இறங்காவிட்டாலோ, காய்ச்சல் 38 டிகிரியைத் தாண்டினாலோ, வயிறு விறைத்து வலித்தாலோ பாராசிட்டமால் கொடுத்து விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். அது காய்ச்சலை மறைத்துவிடும். தென்னாப்பிரிக்காவில் ஆம்புலன்சுக்கு 10177, செல்பேசியில் 112. டிஸ்சார்ஜ் கடிதம் கையில் இருக்கட்டும்.

சி.டி. ஸ்கேனில் சிறு சீழ்க்கட்டி மட்டும் தெரிந்தால் ஆண்டிபயாடிக்கும் தோல்வழி செருகிச் சீழை வடிக்கும் டிரெயின் குழாயும் போதும். மலம் வயிற்றுக்குள் பரவியிருந்தால் மறு ஆபரேஷன்தான்: உள்ளே கழுவி, பழுதான இணைப்பை வெட்டியெடுத்து, குடல்முனையை வெளியே வைப்பார்கள். மறுபடி பையா என்று மனசு விட்டுப்போகும். ஆனால் சீழ் பிடித்த இடத்தில் போட்ட தையல் நிற்காது.

காற்றுப் பிரியாமல் வயிறு உப்பி வாந்தி வந்தால் குடல் மந்தமாகவோ அடைப்பாகவோ இருக்கலாம். மந்தம் என்றால் மூக்குவழிக் குழாய், டிரிப், பொட்டாசியம் என்று சில நாளில் தேறும். மாதங்கள் கழித்து மலம் பென்சில்போல் மெலிந்தால் இணைப்பு சுருங்கியிருக்கலாம். அப்படியானால் எண்டோஸ்கோப்பி வழியே பலூனால் விரிப்பார்கள், ஒரே தடவையில் தீராமலும் போகலாம். தோலில் துளைவிழுந்து மலம் கசிந்தால் உடனே தைக்கமாட்டார்கள். கிருமி, சத்துக்குறைவு, புண்ணான தோல் மூன்றையும் சரிசெய்து, தானாக மூடாவிட்டால் பல மாதம் கழித்தே கத்தி வைப்பார்கள்.

அடிக்கடி மலம் போவது பலருக்கும் உண்டு. டாக்டர் சொன்னால் லோபரமைடு 2 மி.கி., சாப்பாட்டுக்கு அரைமணி முன். நீரிழப்புக்கு ஒரு லிட்டர் கொதித்தாறிய நீரில் தலைதட்டிய 8 டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. முதல் சில வாரம் குழைந்த சோறும் தயிரும் போதும். புரட்டாசி விரதமென்று சுகர் பீன்ஸ் கறியும் முட்டைக்கோசும் ஏற்றினால் வயிறு பொருமும்.

பை இருந்த இடத்தில் குடலிறக்கம் வந்தால் வலை வைத்துத் தைக்க வேண்டிவரும். அதனால் 6 வாரம் கனம் தூக்கக்கூடாது. டர்பன் பக்கம் தைப்பூசம் நெருங்கினால் காவடி நேர்த்தியை அடுத்த வருஷத்துக்குத் தள்ளுங்கள், முருகன் கோபிக்கமாட்டார்.