அறிவியல் விவாதத்தில் நிபுணரின் பெயர்ப்பட்டை: தவிர்க்க வேண்டிய தவறுகள்

செய்தி சேனல்களுக்குப் புதிதாக வரும் கெஸ்ட் கோஆர்டினேட்டர்கள், அதாவது விவாதத்துக்கு விருந்தினர்களை ஏற்பாடு செய்பவர்கள், திரையின் கீழே வரும் பெயர்ப்பட்டையில் விருந்தினரின் பெயரில் எழுத்துப்பிழை வராமல் பார்த்துக்கொள்கிறார்கள். பெயருக்குக் கீழே வரும் வரியில்தான் பழைய தவறுகளே திரும்பத் திரும்ப நடக்கின்றன. அவர் வாங்கியதிலேயே பெரிய பட்டத்தை அங்கே போட்டுவிடுகிறார்கள். இன்றைய கேள்வியை இவரிடம் ஏன் கேட்கிறோம் என்பதற்குத்தான் அந்த வரி பதில் சொல்ல வேண்டும்.

எதிர்க்கருத்துக்கு ஒரு நாற்காலி

2014 பிப்ரவரி 13. இங்கிலாந்தில் வெள்ளம். பி.பி.சி. ரேடியோ 4-இன் 'டுடே' நிகழ்ச்சியில் இருவர் பேசினார்கள். ஒருவர் இம்பீரியல் கல்லூரியின் காலநிலை விஞ்ஞானி பிரையன் ஹாஸ்கின்ஸ். மற்றவர் 1983 முதல் 1989 வரை பிரிட்டன் நிதியமைச்சராக இருந்த நைஜல் லாசன். புவி வெப்பமடைதலை எதிர்க்க எடுக்கும் நடவடிக்கைகளை விமர்சிப்பதற்கென்றே 2009-இல் ஓர் அமைப்பைத் தொடங்கியவர். காலநிலை ஆய்வாளர் அல்லர். அவர் சொன்னவற்றுக்கு ஆய்வுச் சான்று துணை நிற்கவில்லை என்பது நேயர்களுக்குப் போதிய அளவு தெளிவாக்கப்படவில்லை என்று பி.பி.சி.யின் புகார் பிரிவே பிறகு முடிவு சொன்னது.

2017 ஆகஸ்ட் 10. அதே நிகழ்ச்சி, அதே லாசன். கடந்த 10 ஆண்டுகளில் உலகின் சராசரி வெப்பநிலை சற்றுக் குறைந்திருக்கிறது என்றார். அது தவறு. நெறியாளர் திருத்தவில்லை. ஒழுங்குமுறை அமைப்பான ஆஃப்காம் 2018 ஏப்ரலில் இதை விதிமீறல் என்று அறிவித்தது. சான்றுள்ள கருத்துக்கும் சான்றற்ற கருத்துக்கும் சம இடம் தரும் இத்தகைய போலிச் சமநிலை வேண்டாம் என்று மரபியலாளர் ஸ்டீவ் ஜோன்ஸ், பி.பி.சி.யை அப்போது மேற்பார்வையிட்ட பி.பி.சி. டிரஸ்டுக்கு 2011-இலேயே அறிக்கை கொடுத்திருந்தார். எச்சரிக்கை கையில் இருந்தும் இருமுறை நடந்தது என்பதுதான் இன்றும் எரிச்சலூட்டுகிறது.

தொலைக்காட்சியில் இதன் சேதம் இன்னும் பெரிது. திரையை இரண்டாகப் பிரித்தவுடன் இருவர் சொல்வதற்கும் ஒரே எடை வந்துவிடுகிறது. அதனால் பட்டையில் 'முன்னாள் நிதியமைச்சர்' என்பதோடு அமைப்பின் பெயரும் நிலைப்பாடும் வர வேண்டும். பட்டை சில வினாடிகள்தான் நிற்கும், போனோவில் (தொலைபேசி வழியாக) பேசுபவரைக் கண்டு எடைபோடவும் வழியில்லை. ஆகவே நெறியாளர் முதல் வாக்கியத்திலும், ஒவ்வொரு இடைவேளைக்குப் பிறகும் அதை வாயால் சொல்ல வேண்டும். கேள்வியையும் பிரியுங்கள்: கார்பன் வரியால் மின்கட்டணம் ஏறுமா என்று முன்னாள் நிதியமைச்சரிடம் தாராளமாகக் கேட்கலாம். வெப்பநிலை ஏறியதா என்பதை அளப்பவரிடம் கேளுங்கள்.

பணம் எங்கிருந்து வருகிறது என்று கேட்காமல் விடுவது

எம்.எம்.ஆர். (தட்டம்மை, புட்டாளம்மை, ரூபெல்லா) தடுப்பூசியையும் ஆட்டிசத்தையும் முடிச்சுப்போட்டு பிரிட்டன் மருத்துவர் ஆண்ட்ரூ வேக்ஃபீல்டு 1998-இல் லான்செட் மருத்துவ இதழில் எழுதிய கட்டுரை 12 குழந்தைகளைப் பற்றியது. தடுப்பூசி நிறுவனங்கள் மீது வழக்குத் தொடுக்க முனைந்த வழக்கறிஞர் வழியாக அவருக்குப் பணம் வந்தது 2004-இல்தான் வெளியே தெரிந்தது. இதழ் கட்டுரையைத் திரும்பப் பெற்றது 2010-இல். நிகழ்ச்சிக்கு முன் விருந்தினரோடு பேசும் முன்னழைப்பிலேயே நேராகக் கேளுங்கள்: இந்த விஷயத்தில் கடந்த 3 ஆண்டுகளில் ஊதியமோ ஆய்வு நிதியோ யார் கொடுத்தார்கள்? பங்கு ஏதும் வைத்திருக்கிறீர்களா? பதில் 'ஆம்' என்றால் அதுவும் பட்டையில் வரட்டும்.

நோபல் பரிசு

எச்.ஐ.வி. கண்டுபிடிப்புக்காக 2008-இல் நோபல் பெற்ற லுக் மொந்தாக்னியே, கொரோனா வைரஸில் எச்.ஐ.வி. துண்டுகள் செருகப்பட்டுள்ளன என்று 2020 ஏப்ரலில் பிரெஞ்சு சேனலில் சொன்னார். அந்த மரபணு வரிசைகள் வேறு பல உயிரிகளிலும் காணப்படுபவை. பரிசு பழைய ஆய்வுக்குக் கிடைத்தது. புதிய கூற்றுக்குத் தனிச் சான்று கேளுங்கள்.

வெறும் 'டாக்டர்'

எம்.பி.பி.எஸ்.ஸா, பி.எஸ்.எம்.எஸ்.ஸா (சித்த மருத்துவம்), பிஎச்.டி.யா, எந்தத் துறையில் என்று எழுதுங்கள்.

'மூத்த விஞ்ஞானி'

நிறுவனம் இல்லாமல் போடாதீர்கள்.

சரிபார்க்க நேரமில்லை என்பது

எம்.பி.பி.எஸ். படித்தவரா என்பதைத் தேசிய மருத்துவ ஆணையத்தின் இணையப் பதிவேட்டில் பார்க்கலாம். ஆய்வாளரானால் கூகுள் ஸ்காலரில் கடந்த 5 ஆண்டுக் கட்டுரைகளைத் தேடுங்கள். ஒரே பெயரில் பலர் இருப்பார்கள், நிறுவனத்தோடு பொருத்திப் பாருங்கள்.

யூடியூப் துண்டு

நெறியாளரின் அறிமுகத்தை வெட்டிவிட்டு, விருந்தினர் பேசும் 40 வினாடியை மட்டும் ஏற்றுகிறார்கள். துண்டின் முதல் வினாடி முதல் கடைசி வரை பட்டை திரையிலேயே இருக்கும்படி எடிட்டரிடம் சொல்லிவையுங்கள்.