விசார்டைப் பாருங்கள்: ராக்னராக்கில் பிரீஸ்ட் ஆடுகிறவர்களுக்கு

மலேசியாவின் கிள்ளானில் எங்கள் தெருமுனை சைபர் கஃபேயில் ராக்னராக் ஆன்லைன் என் கண்ணில் பட்டபோது எனக்குப் பதினாறு வயது. கொரியாவில் 2002-இல் வெளியான விளையாட்டு அது. இங்கே பள்ளி விட்டதும் பையன்கள் எல்லாரும் அதில்தான் கிடந்தார்கள். நைட் (வாள்வீரர்), அசாசின், விசார்ட் (மந்திரவாதி) என்று ஆளுக்கொரு பாத்திரம். "பிரீஸ்ட் இல்லாம ஒரு எடத்துக்கும் போக முடியல" என்று பக்கத்து மேசை அண்ணன் ஒருவர் தினமும் புலம்புவார். பிரீஸ்ட் என்பது மற்றவர்களைக் குணப்படுத்திக் காக்கும் பாத்திரம். அவர் புலம்பலைக் கேட்டுத்தான் நான் அக்கோலைட் ஒன்றைத் தொடங்கினேன்; அதுதான் வளர்ந்து பிரீஸ்ட் ஆகும். இன்றும் பழைய விதிகளில் ஓடும் சர்வர்களில் பிரீஸ்ட்தான் ஆடுகிறேன். போன மாதம் என் சித்தி மகனும் ஓர் அக்கோலைட் தொடங்கினான். அவனுக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன். நான் சொல்லும் கணக்கெல்லாம் விதிகளை மாற்றிய ரினியூவல் அப்டேட் வருவதற்கு முந்தைய விதிகளுக்கு. புதிய விதிகளில் எண்கள் மாறிவிடும்.

முதலில் ஸ்டாட், அதாவது லெவல் ஏறும்போது கிடைக்கும் புள்ளிகளை எதில் போடுவது என்பது. முழு சப்போர்ட் பிரீஸ்டுக்கு இன்ட் (அறிவு), டெக்ஸ் (கைத்திறன்), மிச்சம் இருந்தால் விட் (உடல் வலு). அவ்வளவுதான். இன்ட்டை ஏற்றும்போது ஒரு சின்னக் கணக்கைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் பேஸ் லெவலையும் இன்ட்டையும் கூட்டி 8-ஆல் வகுத்து, மீதியை விட்டுவிடுங்கள். கிடைத்ததை 84-ஆல் பெருக்கினால் உயிரை ஏற்றும் மந்திரமான ஹீல், பத்தாம் லெவலில் எவ்வளவு என்று வரும். லெவல் 80, இன்ட் 79 என்றால் கூட்டினால் 159, வகுத்தால் 19, ஹீல் 1596. இன்ட் ஒன்று கூடி 80 ஆனதும் 160, அதாவது 20, ஹீல் 1680. ஒரே ஒரு புள்ளிக்கு 84 எச்பி (உயிர்). அடுத்த ஏழு புள்ளி போட்டாலும் ஹீல் அசையாது. ஆகவே தொப்பி, கார்டு எல்லாம் சேர்த்து லெவலும் இன்ட்டும் கூட்டினால் எட்டின் மடங்கில் போய் நிற்கிறீர்களா என்று பாருங்கள். பத்தாம் லெவல் ப்ளெஸ்ஸிங் மந்திரம் இன்ட்டுக்கும் 10 கூட்டும். அதனால் எனக்கு நானே போட்டுக்கொள்ளாமல் ஊரை விட்டு ஒரு அடி எடுத்து வைக்க மாட்டேன்.

டெக்ஸ் உச்சரிப்பு நேரத்தைக் குறைக்கும். மொத்தம் 75 இருந்தால் நேரம் பாதி, 150 இருந்தால் எந்த மந்திரமும் உடனே விழும். 150 எல்லாருக்கும் எட்டாது, அதற்காக மனசு விட வேண்டாம். எஸ்பி (மந்திர சக்தி) ஏறுவதை வேகமாக்கும் மக்னிஃபிகாட்டுக்கு அடிப்படை 4 விநாடி, தரையில் விரிந்து குணமாக்கும் சாங்க்சுவரிக்கு 5 விநாடி. இவை பாதியானாலே உயிர் பிழைக்கலாம். விட் இருந்தால் ஸ்டன் ஆகி, அதாவது அசைய முடியாமல், நிற்பது குறையும். பிரீஸ்ட் ஸ்டன் ஆனால் அந்த நேரத்துக்குப் பார்ட்டியில் (சேர்ந்து ஆடும் குழுவில்) பிரீஸ்டே இல்லை என்றுதான் அர்த்தம்.

ஹீலைக் குறைந்த லெவலில் போட்டு எஸ்பி மிச்சம் பிடிக்கலாம் என்று சிலர் சொல்லித் தருவார்கள். கேட்காதீர்கள். முதல் லெவல் ஹீலுக்கு 13 எஸ்பி, பத்தாம் லெவலுக்கு 40. மூன்று மடங்கு செலவுக்கு ஏழு மடங்கு ரத்தம் கிடைக்கிறது. மிச்சம் பிடிக்க வேண்டிய இடம் வேறு. நிறைந்திருக்கிற எச்பி மேல் ஹீல் கொட்டாதீர்கள். சண்டை ஓய்ந்த மறு விநாடி இன்சர்ட் கீயைத் தட்டி உட்காருங்கள். நின்றால் 8 விநாடிக்கு ஒரு முறை ஏறும் எஸ்பி, உட்கார்ந்தால் 4 விநாடிக்கு ஒரு முறை ஏறும். மக்னிஃபிகாட் ஓடினால் அதுவும் இரட்டிப்பு. ஐந்தாம் லெவலில் 90 விநாடி நிற்கும், திரையில் இருக்கிற பார்ட்டி முழுக்கக் கிடைக்கும். அது தீருவதை விசார்ட் கேட்டு நான் தெரிந்துகொண்டால் எனக்கு வெட்கமாக இருக்கும்.

அப்புறம் மூட்டையின் எடை. முதல் முறை கிளாஸ்ட் ஹெய்ம் என்ற பாழடைந்த கோட்டைக்குப் போனபோது, பயத்தில் கை கொள்ளுமட்டும் வெள்ளை மருந்து வாங்கிக்கொண்டு போனேன். உட்கார்ந்து பார்த்தேன், மக்னிஃபிகாட் போட்டுப் பார்த்தேன், எஸ்பி ஏறவே இல்லை. நெட் லேக் என்று நினைத்தேன். எடை பாதியைத் தாண்டிவிட்டால் எச்பி, எஸ்பி இரண்டும் தானாக ஏறுவது நின்றுவிடும் என்று அன்றைக்கு எனக்குத் தெரியாது. ஆறு பேர் என்னால் பாதியிலேயே ஊர் திரும்பினார்கள். அன்றிலிருந்து நான் எடுத்துப்போவது இவ்வளவுதான்: சில மந்திரங்களுக்குச் செலவாகும் நீலக்கல் முப்பது, சைலன்ஸ் ஆனால் குடிக்கப் பச்சை மருந்து பத்து, கொஞ்சம் எஸ்பி மருந்து. சைலன்ஸ் விழுந்தால் உங்கள் மந்திரத்தாலேயே உங்களைக் காப்பாற்றிக்கொள்ள முடியாது, அதனால் பச்சை மருந்தை ஹாட்கீயிலேயே வையுங்கள்.

இனி நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. அதே கிளாஸ்ட் ஹெய்மில் வேறொரு நாள். புலம்பிய அண்ணன்தான் நைட். அவர் ஓடிப்போய்ப் பத்துப் பன்னிரண்டு மிருகங்களை இழுத்துக்கொண்டு வந்து மூலையில் நிற்பார். விசார்ட் ஸ்டார்ம் கஸ்ட் என்ற பனிப்புயல் மந்திரத்தைப் போடுவார். நான் அண்ணனின் காலடியில் இருக்கும் எச்பி கோட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. கொஞ்சம் குறைந்தால் ஹீல், மறுபடி ஹீல். நன்றாகத்தான் ஆடுகிறோம் என்று நினைத்துக்கொண்டிருந்தபோதே பின்னால் ரேடிரிக் என்ற மிருகம் ஒன்று வந்து விசார்டை வெட்டியது. உச்சரிப்பு அறுந்தது. மறுபடி தொடங்கினார், மறுபடி வெட்டு. விசார்ட் விழுந்தார். மூலையில் அத்தனை மிருகங்களும் அப்படியே உயிரோடு. அடுத்த பத்து விநாடியில் நாங்கள் எல்லாரும் தரையில். அண்ணன் பக்கத்து மேசையிலிருந்து திரும்பி, கோபமே இல்லாமல் சொன்னார்: "தங்கச்சி, என் ரத்தத்தையே பார்த்துக்கிட்டு இருக்காதே. நான் அடி வாங்கத்தான் வந்திருக்கேன். விசார்டைப் பாரு."

இருபது வருஷத்தில் பிரீஸ்ட் ஆட எனக்குக் கிடைத்த மிகப் பெரிய பாடம் அதுதான். டேங்கின், அதாவது முன்னால் நின்று அடி வாங்குகிறவரின் அடி எதிர்பார்த்த அடி, அதற்குக் கணக்கு உண்டு. மிருகங்களைக் கொல்கிறவரின் வேலை தடைப்படாமல் இருந்தால் அடி வருவதே நின்றுவிடும். ஆகவே உங்கள் கையில் இருக்கும் மந்திரங்களை, 'அடுத்த கொலை சீக்கிரம் நடக்க இது உதவுமா' என்று கேட்டு அடுக்குங்கள். அப்படி அடுக்கினால் ஹீல் நான்காவது ஐந்தாவது இடத்துக்குப் போய்விடும்.

முதல் இடம், மற்றவரின் உச்சரிப்பு நேரத்தைக் குறைக்கும் சஃப்ராகியத்துக்கு. பலர் இதைக் கற்றுக்கொள்வார்கள், பயன்படுத்த மாட்டார்கள். பத்தாம் லெவல் ஸ்டார்ம் கஸ்ட்டின் அடிப்படை உச்சரிப்பு 15 விநாடி. விசார்டின் டெக்ஸ் 90 என்றால் 6 விநாடி. அவர் மேல் மூன்றாம் லெவல் சஃப்ராகியம் இருந்தால் அதில் 45 சதவீதம் குறைந்து, 3 விநாடியைச் சற்றே தாண்டும். உங்களுக்குச் செலவு 8 எஸ்பி. நைட் கூட்டத்தின் நடுவே நிற்கும் நேரம் பாதியாகிறது. நீங்கள் போட வேண்டிய ஹீலும் பாதி. ஆனால் மூன்றாம் லெவல் சஃப்ராகியம் 10 விநாடிதான் நிற்கும். சீக்கிரம் போட்டால் காற்றில் போகும். நைட் திரும்பி வரும் காலடியைப் பாருங்கள். திரையின் ஓரத்தில் அவர் தெரிந்ததும் போடுங்கள், அவர் மூலையில் நின்றதும் விசார்ட் தொடங்குவார். நான்கைந்து சுற்று போனால் இது தாளம் மாதிரி கைக்கு வந்துவிடும். விசார்ட் ஒன்றும் சொல்ல மாட்டார், ஆனால் அடுத்த நாள் உங்களைத் தேடி மெசேஜ் வரும்.

இரண்டாவது கீரியே எலெய்சோன். ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்குப் போய் வளர்ந்தவள் என்பதால் இந்தப் பெயர் எனக்கு முன்பே பழக்கம். நாங்கள் கோயிலில் சொல்லும் 'ஆண்டவரே இரக்கமாயிரும்'தான் இது. பத்தாம் லெவலில் இது, யார் மேல் போடுகிறோமோ அவருடைய முழு எச்பியில் 30 சதவீதத்தையோ அல்லது பத்து அடியையோ, எது முன்னால் முடிகிறதோ அதுவரை தாங்கும். முழு எச்பியில் பங்கு என்பதால் எல்லாரும் நைட்டுக்கே போடுவார்கள். பன்னிரண்டு மிருகம் சுற்றி நின்றால் பத்து அடி எத்தனை விநாடிக்கு வரும், நீங்களே சொல்லுங்கள். விசார்டுக்குப் போடுங்கள். கீரியே தாங்கும் அடி உடம்பில் படாது, படாத அடி உச்சரிப்பை அறுக்காது. பின்னால் தப்பி வரும் ஒன்றிரண்டு மிருகத்துக்கு அது தாராளம். மந்திர அடியை மட்டும் அது தடுக்காது. பின்னாளில் ஹை பிரீஸ்ட் ஆகி, வாங்கும் அடியைக் குறைக்கும் அசம்ப்டியோ எடுத்தால், அதுவும் கீரியேவும் ஒரே ஆள் மேல் சேர்ந்து நிற்காது என்பதை நினைவில் வையுங்கள். அப்போது நைட்டுக்கு அசம்ப்டியோ, விசார்டுக்குக் கீரியே.

நியூமாவைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும், ஏனென்றால் இதில்தான் நல்ல பிரீஸ்டும் சுமாரான பிரீஸ்டும் பிரிகிறார்கள். மூன்றுக்கு மூன்று கட்டத்தில் 10 விநாடிக்கு தூரத்திலிருந்து வரும் ஆயுத அடி எதுவும் படாது. செலவு 10 எஸ்பி. பயோன் குகையின் வில் பிடித்த எலும்புக்கூடாகட்டும், ஆர்க் ஆர்ச்சர் ஆகட்டும், அம்பு நின்றுவிடும். ஆனால் அந்தக் கட்டம் உங்கள் ஆள், எதிரி என்று பிரித்துப் பார்க்காது. அதன் மேல் மிருகம் நின்றால் அதற்கும் பாதுகாப்பு. நைட்டைக் காப்பாற்றுகிறேன் என்று அவர் காலடியில் போட்டு, அவரை ஒட்டி நிற்கும் மிருகங்கள் எல்லாவற்றையும் உங்கள் ஹன்டரின் அம்பிலிருந்து காப்பாற்றிவிடுவீர்கள். எனவே நைட்டுக்குப் பின்பக்கம் ஒரு கட்டம் தள்ளிக் குறிவையுங்கள். ஓரக் கட்டம் அவரைத் தொட்டால் போதும், முன்னால் நிற்கும் மிருகங்கள் வெளியே இருக்கும். நான் ஊருக்குள்ளேயே ஒரு நண்பரை நிற்கவைத்து இதைப் பழகினேன். மவுஸ் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்பது கண்ணுக்குப் பழக இரண்டு மூன்று நாள் ஆகும்.

சேஃப்டி வாலுக்கும் இதே எச்சரிக்கைதான். அது பக்கத்தில் நின்று அடிக்கும் கையடியைத் தடுக்கும், ஒரு நீலக்கல் போகும், நியூமா இருக்கிற இடத்தில் விழாது. விசார்டின் காலடிக்கு மிகவும் பொருத்தம்.

லெக்ஸ் ஏட்டர்னா அடுத்து விழும் ஓர் அடியை இரட்டிப்பாக்கும். அதைச் சின்ன அடிக்குக் கொடுத்து வீணாக்காதீர்கள். ஸ்டார்ம் கஸ்ட் ஓடும் கூட்டத்தில் போட்டால் முதல் துளி அடியே தின்றுவிடும். உறைந்து போன மிருகத்தின் மேல் போடவே முடியாது. மாங்க் (கையால் சண்டை போடும் துறவி) தன் பெரிய அடியான அசுரா ஸ்ட்ரைக் அடிக்கப் போகும் நேரம்தான் அதன் நேரம். நம் அசுரர்களின் பெயர்தான் அந்த அடிக்கும். அடித்ததும் மாங்கின் எஸ்பி முழுக்கப் போய்விடும், 5 நிமிஷத்துக்குத் தானாக ஏறாது. அந்த 5 நிமிஷம் அவருக்காக மக்னிஃபிகாட் போட்டுக் காத்திருக்காதீர்கள். அவர் மருந்து குடித்துக்கொள்ளட்டும், நீங்கள் மற்றவர்களைப் பாருங்கள். லெக்ஸ் போடுமுன் "லெக்ஸ்" என்று சாட்டில் ஒரு சொல் அடியுங்கள். வேறு யாராவது நடுவில் புகுந்து அடித்தால் அந்த இரட்டிப்பு அவருடைய சின்ன அடிக்குப் போய்விடும்.

ப்ளெஸ்ஸிங், வேகத்தைக் கூட்டும் இன்க்ரீஸ் அஜி இரண்டும் பத்தாம் லெவலில் 4 நிமிஷம். எல்லாருக்கும் ஒரே மூச்சில் போடுங்கள், அப்போதுதான் ஒரே நேரத்தில் தீரும். ஒரு கண்ணைக் கடிகாரத்தில் வைத்தால் போதும். குளோரியா பற்றிக் கேட்பார்கள். 30 விநாடி லக்குக்காக (அதிர்ஷ்டத்துக்காக) நான் எஸ்பி செலவழிப்பதில்லை.

ரெசரெக்‌ஷனை எப்படியாவது நான்காம் லெவல் வரை ஏற்றுங்கள். முதல் லெவலில் 6 விநாடி உச்சரித்து 10 சதவீத எச்பியோடு எழுப்புவீர்கள். எழுந்தவர் அடுத்த அடியிலேயே விழுவார். நான்காம் லெவலில் உச்சரிப்பே இல்லை, 80 சதவீதத்தோடு எழுவார். அப்போதும் உடனே எழுப்பாதீர்கள். ஒருமுறை செத்தால் அந்த லெவலுக்கு வேண்டிய அனுபவத்தில் 1 சதவீதம் போகும். லெவல் தொண்ணூறுக்கு மேல் அது ஒருவருடைய ஒரு சாயங்காலம். மிருகங்கள் பிணத்தைச் சுற்றி நிற்கும்போது எழுப்பினால் அவரை இரண்டாவது முறை கொல்வது நீங்கள்தான். படுத்திருப்பவருக்கு எந்த ஆபத்தும் இல்லை. இடத்தைக் காலி செய்யுங்கள், எழுப்புங்கள், அவர் எழுந்த கையோடு கீரியே, பிறகு ஹீல். விழுந்தது நைட்டும் விசார்டும் என்றால் யாரை முதலில் எழுப்புவது என்று இனி நான் சொல்ல வேண்டியதில்லை.

நீங்கள் எங்கே நிற்பது? விசார்டின் மேலேயே ஏறி நிற்காதீர்கள். உருவங்கள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தால் மவுஸ் தவறான ஆளைப் பிடிக்கும்; விசார்டுக்கு வைத்த ஹீல் உங்களுக்கே விழும். இரண்டு மூன்று கட்டம் தள்ளி, நைட்டும் விசார்டும் ஒரே பார்வையில் தெரிகிற இடத்தில் நில்லுங்கள். சாங்க்சுவரி போடுவதாக இருந்தால் எதிரில் அன்டெட் (செத்தும் நடமாடுபவை), டீமன் (பேய்) வகை மிருகங்கள் இருக்கின்றனவா என்று பாருங்கள். அவற்றை அது தள்ளிவிடும், நைட் பாடுபட்டுச் சேர்த்த கூட்டம் சிதறும்.

கடைசியாக ஊர் திரும்புவது. வார்ப் போர்ட்டலுக்கு ஒரு நீலக்கல், எட்டுப் பேர் வரை போகலாம். எத்தனை கல் செலவானாலும் அதற்காக ஒன்றை மட்டும் தொடாமல் வைத்திருங்கள். போர்ட்டல் திறந்ததும் யாராவது கீழே கிடக்கும் பொருளைப் பொறுக்கப் போயிருப்பார்கள். பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். பார்ட்டி ஜன்னலில் எல்லாரும் தலைநகர் பிரான்டெராவில் இருப்பதாகக் காட்டியதும் நீங்கள் ஏறுங்கள்.